அட்மாஸ்ஃபியர்: 'ஊர்வாடை' என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

துப்பறியும் நாவல்களைப் பற்றி எழுதும்போது, கதை நடக்கும் இடம் வாசகர் மனதில் எழுப்பும் உணர்வான 'அட்மாஸ்ஃபியர்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் இடலாம் என்று நம் குழுவில் அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். 'சூழல்', 'பின்புலம்', 'வளிமண்டலம்' என்று மூன்று பரிந்துரைகள் வந்துவிட்டன. வளிமண்டலம் அறிவியலுக்கு எழுதிக் கொடுத்துவிட்ட சொல், அதை இனி திரும்பக் கேட்க முடியாது. பின்புலம் என்றால் ஊர் நாடகத் திரைச்சீலைபோல் கதைக்குப் பின்னால் தொங்குகிறது. 'சூழல்' குடும்பம், அரசியல், வேலை என்று எல்லா வீட்டிலும் உழைத்துக் களைத்த சொல். அதை வைத்து எழுதினால் வாசகருக்குக் குளிராது.

குளிர வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில மாதங்களாக ஸ்காட்லாந்து எழுத்தாளர் இயன் ரேங்கினின் ரீபஸ் துப்பறியும் நாவல் தொடரை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாவல் 1987இல் வந்தது. இருபதைத் தாண்டி நீளும் தொடர். நாயகன் ஜான் ரீபஸ், ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவின் காவல்துறை அதிகாரி. ஆர்டன் தெருவில் குடியிருக்கிறார், யங் தெருவிலுள்ள ஆக்ஸ்ஃபர்ட் பாரில் குடிக்கிறார். இரண்டும் உண்மையான இடங்கள். கொலை செய்தது யார் என்பது புத்தகத்தை மூடிய சில நாட்களில் எனக்கு மறந்துவிடுகிறது. கல் சுவர்களின் ஈரமும், மதுவடிப்பு ஆலைகளிலிருந்து எழும் மால்ட் (முளைகட்டிய பார்லி) வேகும் வாசமும் மறப்பதில்லை. மறக்காமல் தங்கும் அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

என் பரிந்துரை: ஊர்வாடை.

எடின்பரோவுக்கு 'ஆல்ட் ரீக்கி' என்று ஒரு பழைய செல்லப் பெயர் உண்டு. புகைபோக்கிகள் கக்கிய கரிப்புகையால் வந்த பெயர். பழம்புகையூர் என்று சொல்லிப் பார்க்கிறேன். அந்த 'ரீக்' ஸ்காட்லாந்து மொழியில் புகை, இன்றைய ஆங்கிலத்தில் துர்நாற்றம். நம் 'வாடை'யும் இப்படித்தான் இரட்டைப் பிழைப்பு நடத்துகிறது: ஒரு பக்கம் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று, மறுபக்கம் மூக்கில் ஏறும் நெடி. காற்று, குளிர், நாற்றம் மூன்றையும் ஒரே சொல்லில் சுமக்கும் வசதி வேறெதில் கிடைக்கும்?

'மண்வாசனை இருக்கும்போது இது எதற்கு' என்று திருச்சி நண்பர் கேட்கலாம். மண்வாசனை நல்ல சொல், நம் விமரிசனத்தில் நிலைத்துவிட்ட சொல். ஆனால் அது முதல் மழையில் நனைந்த சொல், அதில் ஊர் திரும்பும் ஏக்கம் கலந்திருக்கிறது. பாராட்டுக்குத்தான் பயன்படும். கொலை நடக்கும் நகரத்துக்கு அதை எப்படிப் பொருத்துவது? 'வாடை' என்றதும் பிணவாடை, சாராயவாடை நினைவுக்கு வருகின்றன என்றால் வரட்டும். துப்பறியும் நாவலின் நகரத்துக்கு அந்தச் சந்தேகத் தொனி தேவை.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1836இல் எடின்பரோவின் ஆர்தர்ஸ் சீட் என்ற குன்றில் முயல் வேட்டைக்குப் போன சிறுவர்கள், பாறையிடுக்கில் 17 குட்டிச் சவப்பெட்டிகளைக் கண்டெடுத்தார்கள். ஒவ்வொன்றும் விரல் நீளம்தான் இருக்கும். திறந்தால் உள்ளே துணி உடுத்திய மரப்பொம்மை. எட்டு மட்டும் எஞ்சி இன்று ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்பது இன்றுவரை தீராத புதிர். 2001இல் வந்த ரீபஸ் நாவலில் ஒரு மாணவி காணாமல் போகிறாள். அதே மாதிரி ஒரு பெட்டி கிடைக்கிறது. விசாரணை அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிவரை போகிறது. இங்கே ஊர் கதைக்குப் பின்னால் நிற்கவில்லை. அதன் பழைய நெடி இன்றைய வழக்குக்குள் கசிந்து வருகிறது. இதைச் 'சூழல்' என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

காற்றுக் கணக்கில் கறாரானவர்கள் ஒரு தடை எழுப்பலாம், நியாயமான தடைதான். எடின்பரோவை மூடும் 'ஹார்' என்ற கடற்பனி, வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த வடகடலின் மேல் தவழ்ந்து வரும்போது உண்டாகிறது. கீழைக்காற்று அதை ஊருக்குள் தள்ளிக்கொண்டு வருகிறது. நம் முறைப்படி கீழைக்காற்று கொண்டல், வாடை ஆகாது. திசை பிசகுவதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொண்டல் மழை கொண்டுவரும் காற்று, அதில் நெடி என்ற பொருள் இல்லை.

தவிர, வாடைக்குப் பின்னால் நெடுநல்வாடை நிற்கிறது. நக்கீரர் 188 அடிகளில் ஒரு நகரத்தையே குளிரில் நடுங்க விடுகிறார். ஆறு கிடந்தாற்போன்ற அகன்ற தெருவில் கள்ளுண்டவர்கள் தூறலைப் பொருட்படுத்தாமல் திரிகிறார்கள். வீட்டுப் புறா இரையெடுக்கப் போகாமல், இரவா பகலா என்று தெரியாமல் மயங்கியிருக்கிறது. அந்தப் புறா ஒன்றே போதும், ஊர் முழுவதும் குளிர்கிறது. 'அட்மாஸ்ஃபியர்' என்று நாம் இன்று தேடுவதை அவர் செய்து காட்டி, தலைப்பிலும் வாடையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன். 'ஊர்வாடை மிக்க தொடர்', 'முதல் அத்தியாயத்திலேயே ஊர்வாடை பிடித்துவிடுகிறது', 'ஊர்வாடையே இல்லாத தட்டையான நாவல்' என்று எல்லாம் இயல்பாக வருகின்றன. சந்தியில் வல்லினம் மிகும் தொல்லையும் இல்லை. ஒரே குறை, கப்பலிலோ தனி மாளிகையிலோ நடக்கும் கதைக்கு இது பொருந்தாது. அங்கே 'சூழல்' இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

அம்மையார் கேட்ட இன்னொன்று, எடின்பரோ பழைய நகரத்தின் 'க்ளோஸ்'. ஓங்கிய வீடுகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் நடக்கத்தக்க அந்த ஒடுங்கிய வழிக்குச் 'சந்து' போதாது, நெல்லைப் பக்கத்து 'முடுக்கு' கச்சிதம். அங்குள்ள 'மேரி கிங்ஸ் க்ளோஸ்' என்பதை மேரி கிங் முடுக்கு என்று சொல்லிப் பாருங்கள்.