சம்பள பாக்கிக்கு அரசின் மேல் வழக்கு: அப்துல் மஜீத் தீர்ப்பு

கெடிலக்கரை (கடலூர்):
சங்கப் பயிற்சி வகுப்புக்குக் குறிப்பு எழுதுகிறேன். சம்பள பாக்கி கேட்டு அரசு ஊழியர் வழக்குப் போடவே முடியாது என்ற நிலை ஒரு காலத்தில் இருந்ததா? 1954 தீர்ப்பு அதை எப்படி மாற்றியது? இன்று கடலூர்க்காரர் எங்கே போவது, புதுச்சேரிக்காரர் எங்கே போவது?

முத்தியால்பேட்டை:
இருந்தது தோழர். 1948-இல் ஐ.சி.எஸ். அதிகாரி ஐ.எம். லால் வழக்கில், பணிநீக்கம் செல்லாது என்று சொன்ன பிரிவி கவுன்சிலே (லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) சம்பள பாக்கியை மறுத்துவிட்டது. மன்னர் விரும்பும்வரைதான் வேலை, ஆகவே சம்பளத்துக்கு வழக்கு கிடையாது என்ற பிரிட்டிஷ் கோட்பாடுதான் காரணம்.

அப்துல் மஜீத் பீகாரில் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். 1937-இல் டி.ஐ.ஜி. அவரை நீக்கினார். 1940-இல் மாகாண அரசே திரும்பச் சேர்த்துக்கொண்டது, இடைக்காலச் சம்பளத்தை மட்டும் தரவில்லை. தொகை 3,099 ரூபாய் 12 அணா. பாட்னா உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் வரை போய் 1954-இல் அரசு தோற்றது; அந்த பிரிட்டிஷ் கோட்பாடு இங்கே பொருந்தாது என்றானது. நியமித்தவருக்குக் கீழே உள்ள அதிகாரி நீக்கியதால் 1935 இந்திய அரசுச் சட்டத்தின் 240-ஆம் பிரிவுப்படி அந்த நீக்கம் செல்லாது.

தலைமை நீதிபதி மெகர் சந்த் மகாஜன் எடுத்த ஒரு வாதத்தை வகுப்பில் அவசியம் சொல்லுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவில், கடன் கொடுத்தவர் அரசு ஊழியரின் சம்பளத்தை ஜப்தி செய்யலாம். அடுத்தவர் கோர்ட் வழியாக எடுக்கக்கூடிய பணத்தை, உழைத்தவர் மட்டும் கேட்கக் கூடாதா? மிக வலுவான வாதம் அது.

மஞ்சக்குப்பம்:
கடலூரில் தமிழக அரசு ஊழியர் என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. புதுச்சேரி அரசு ஊழியர் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக வேண்டும். துறையின் இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம். மேல்முறையீட்டுக்குப் பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து, அதற்கடுத்த ஓராண்டுக்குள்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். துறைக்கு மனு மேல் மனு கொடுத்தால் கெடு நீளாது. ஊதிய நிர்ணயமே தவறு என்றால் மாதாமாதம் புது உரிமை பிறக்கும் (எம்.ஆர். குப்தா வழக்கு, 1995). ஆனாலும் தாமதமாகப் போனால் பாக்கி பெரும்பாலும் மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கும் (தர்செம் சிங், 2008).

கெடிலக்கரை:
நன்றி தோழர்களே. நீக்கியவரைத் திரும்பச் சேர்க்கும் உத்தரவில் சம்பளம் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால்?

முத்தியால்பேட்டை:
சம்பள பில் நின்றுவிடும். அரசு ஊழியருக்கான அடிப்படை விதிகளில் 54-ஆம் விதிப்படி இரண்டையும் உத்தரவு தெளிவாகச் சொல்ல வேண்டும்: இடைக்காலத்துக்கு எவ்வளவு சம்பளம், அக்காலம் பணிக்காலமா இல்லையா. இல்லையென்றால் வேலையில் சேர்ந்த கையோடு, விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்கிவிடச் சொல்லுங்கள்.