ப்ளூ-ரே ப்ளேயர் டிவியில ஓடுது, லைவ் மிக்சர்ல மட்டும் கறுப்பா நிக்குது, என்ன பண்றது?

மேடைக்கேபிள்:

வணக்கம் எல்லாருக்கும். ஸ்டேஜ் நிகழ்ச்சிகளுக்கு லைவ் மிக்சிங் பண்றேன், நாலு இன்புட் எச்டிஎம்ஐ மிக்சர். ரெண்டு கேமரா ஒரு லேப்டாப், இதெல்லாம் எப்ப குத்தினாலும் உடனே வந்துடும், ஒரு நாள் கூட தொல்லை குடுத்ததில்ல. நாலாவது இன்புட்ல ஒரு ப்ளூ-ரே ப்ளேயரை மாட்டினதுலேர்ந்துதான் தலைவலி.

ப்ளேயரை ஆன் பண்ணா லோகோ மல்டிவியூல (எல்லா இன்புட்டையும் ஒரே திரையில காட்டறது) தெளிவா வருது. கடையில வாங்கின டிஸ்க்கை போட்டு ப்ளே அமுக்கினதும் அப்படியே கறுப்பு. நானே முன்னாடி ஷூட் பண்ணி பதிஞ்சு வச்ச டிவிடி-ஆர் போட்டா வேற மாதிரி, படம் ரெண்டு செகண்ட் வருது, போகுது, திரும்ப வருது, போகுது, இன்புட் லைட்டும் கூடவே மினுக்குது. இன்னொரு டிவிடி-ஆர் இருக்கு, அது வேற ஒருத்தர் அவர் கேமராவுல எடுத்து குடுத்தது, அது சுத்தமா வரவே இல்ல. ஆனா அதே கேபிளை புடுங்கி டிவியில குத்தினா மூணு டிஸ்க்கும் அருமையா ஓடுது!

கேபிளை மூணு தடவை மாத்திட்டேன். மிக்சர் 1080பி 50ல (1080 வரி, செகண்டுக்கு 50 முழு ஃப்ரேம்) செட் பண்ணியிருக்கு. அடுத்த வாரம் நிகழ்ச்சி, அந்த ரெண்டு டிவிடி-ஆர்லயும் இருக்கற பழைய க்ளிப்பை பெரிய திரையில போட்டே ஆகணும். ப்ளேயர் கோளாறா மிக்சர் கோளாறான்னே புரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழையடேப்:

தம்பி, கேபிளை விட்டுடுங்க, அது நல்லாத்தான் இருக்கு. லோகோ வந்துச்சுன்னா கம்பி வேலை செய்யுதுன்னு அர்த்தம். உங்ககிட்ட இருக்கறது ஒரு வியாதி இல்ல, டிஸ்க்குக்கு ஒண்ணா மூணு வியாதி, அதை ஒண்ணாப் போட்டு குழப்பிக்கறதாலதான் பிடிபட மாட்டேங்குது.

கடை டிஸ்க் கறுப்பாகறதுக்குக் காரணம் எச்டிசிபி, காப்பி எடுக்காம தடுக்கற பூட்டு. ப்ளேயர் எதிர்ல இருக்கற மெஷின்கிட்ட "உன்கிட்ட சாவி இருக்கா"ன்னு கேக்கும், டிவி இருக்குன்னு பதில் சொல்லும், மிக்சர் சொல்லாது, உடனே ப்ளேயர் படத்தை நிறுத்திடும். லோகோவுக்கு அந்தப் பூட்டு தேவையில்ல, அதனால அது வந்துடுது. லேப்டாப் ஏன் வருதுன்னா அது பூட்டு போட்ட படத்தை ஓட்டும்போது மட்டும்தான் பொதுவா சாவி கேக்கும், சும்மா டெஸ்க்டாப்புக்கு கேக்காது. கேமராவுல பூட்டு போட எதுவும் இல்ல. ஆக மிக்சர் கெட்டுப்போகல, அது அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஏடெம் மினி மாதிரி மிக்சர் எச்டிசிபி சிக்னலை ஏத்துக்கவே ஏத்துக்காது. ரோலண்ட் வி-1எச்டி மாதிரி சிலதுல மெனுவுல எச்டிசிபி ஆன் பண்ணலாம், ஆனா ஆன் பண்ணா வெளிய போற சிக்னலும் பூட்டோடதான் போகும், அப்புறம் ரெக்கார்டரும் ஸ்ட்ரீமிங் கேப்சரும் கறுப்பாயிடும். ஒரு பக்கம் திறந்தா இன்னொரு பக்கம் மூடும்.

உங்களுக்கு வேண்டியது உங்க சொந்த டிஸ்க்தானே, அப்ப கடை டிஸ்க்கை மறந்துடுங்க. மினுக்கறதுக்கு வேற காரணம். ப்ளேயர் மெனுவுல எச்டிஎம்ஐ ரெசல்யூஷன் எதுல இருக்கு, பாத்து சொல்லுங்க.

சிங்க்பல்ஸ்:

நான் அடிச்சு சொல்றேன், அது "ஆட்டோ" இல்லன்னா "சோர்ஸ் டைரக்ட்"லதான் இருக்கும். சோர்ஸ் டைரக்ட்னா டிஸ்க்ல என்ன இருக்கோ அதையே அனுப்பும், பால் (இந்தியா, ஐரோப்பா பக்கத்து டிவி முறை) டிவிடின்னா 720×576, செகண்டுக்கு 50 ஃபீல்ட் (ஒரு ஃபீல்ட்னா பாதி ஃப்ரேம்), இன்டர்லேஸ், அதாவது ஒத்தை வரி ரெட்டை வரின்னு மாத்தி மாத்தி வரும். என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து முறை) டிவிடின்னா 720×480, 59.94 ஃபீல்ட். டிவி எதைக் குடுத்தாலும் வாங்கிக்கும். மிக்சர் அப்படி இல்ல, ஸ்கேலர் (படத்தோட அளவை மாத்தற பகுதி) இல்லாத இன்புட்னா அது செட் பண்ணியிருக்கற ஃபார்மேட்தான் உள்ள வரணும், வேற எது வந்தாலும் பிடிக்கப் பாக்கும், விட்டுடும், திரும்பப் பிடிக்கப் பாக்கும், அந்த மினுக்கல் அதுதான்.

ஆட்டோவுல வச்சா ப்ளேயர் மிக்சரோட இடிஐடியை (எந்தெந்த ஃபார்மேட் வாங்குவேன்னு அது சொல்ற பட்டியல்) படிச்சு அதுல பெருசா இருக்கறதை எடுத்துக்கும், அதை நம்பவே நம்பாதீங்க. கையால 1080பி போடுங்க. அப்படியே 24பி அவுட்புட்னு ஒண்ணு இருக்கும் அதை ஆஃப் பண்ணுங்க, ஆன்ல இருந்தா ப்ளூ-ரே படம் 23.976ல வெளிய வரும், 50ல இருக்கற மிக்சருக்கு அது ஒத்தே வராது. டீப் கலரும் (கலரை கூடுதல் பிட்ல அனுப்பறது) ஆஃப்.

அப்புறம் முக்கியமானது ஒண்ணு, நிறைய பேர் இங்கதான் தடுக்கி விழறாங்க. 1080ன்னு போட்டா அளவுதான் மாறும், வேகம் மாறாது. பால் டிஸ்க் 1080 50ல வரும், என்டிஎஸ்சி டிஸ்க் 1080 59.94லதான் வரும், பெரும்பாலான ப்ளேயர்ல இதுதான் கதை. உங்க ரெண்டாவது டிவிடி-ஆர், அந்த வேற கேமராக்காரர் குடுத்தது, என்டிஎஸ்சியா இருக்கும்னு நினைக்கறேன். கம்ப்யூட்டர்ல போட்டு ஃபைல் இன்ஃபோ பாருங்க, 480ன்னு இருந்தா அதேதான்.

மேடைக்கேபிள்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. ப்ளேயர்ல சோர்ஸ் டைரக்ட்லதான் இருந்துச்சு. 1080பி போட்டு, 24பி ஆஃப் பண்ணி, மிக்சரை முதல்ல ஆன் பண்ணிட்டு அப்புறம் ப்ளேயரை ஆன் பண்ணேன், என் சொந்த டிவிடி-ஆர் கல்லு மாதிரி நிக்குது, லைட் மினுக்கவே இல்ல! அரை மணி நேரம் ஓட விட்டு பாத்துட்டேன். இன்னொரு டிஸ்க்கை கம்ப்யூட்டர்ல பாத்தேன், 720×480, 29.97ன்னு காட்டுது, நீங்க சொன்னது அப்படியே. அது இன்னும் வரல. மிக்சரை 59.94க்கு மாத்தினா அது வருது, ஆனா கேமரா ரெண்டும் 50லதானே இருக்கு, அதுங்க போயிடுது.

இன்னொண்ணு, என் டிஸ்க்ல படம் வருது சத்தம் வரல. மிக்சர்ல ஆடியோ மீட்டர் அசையவே இல்ல.

ஸ்ப்ளிட்டர் (ஒரு சிக்னலை ரெண்டாப் பிரிக்கற பெட்டி) ஒண்ணு நடுவுல போட்டா எல்லாமே வந்துடும்னு ஒரு நண்பர் சொல்றாரு, வாங்கலாமா? இல்ல மஞ்சள் கேபிள்ல (பழைய அனலாக் வீடியோ) எடுத்து கன்வெர்ட்டர் போட்டுக்கலாமா?

பழையடேப்:

சத்தம் வராததுக்கு ப்ளேயர்ல டிஜிட்டல் ஆடியோ அவுட் "பிட்ஸ்ட்ரீம்"ல இருக்கும், "பிசிஎம்"னு (சுருக்காத ஆடியோ) மாத்துங்க, எல்லா சேனலையும் ரெண்டாக் குறைக்கற டவுன்மிக்ஸும் போடுங்க. டிவிடியில ஆடியோ ஏசி-3ல (சுருக்கின டால்பி ஆடியோ) இருந்தா அதை அவிழ்க்க மிக்சருக்குத் தெரியாது, சும்மா இருந்துடும், சில மிக்சர்ல கரகரன்னு இரைச்சல் கூட வரும், அது ஸ்பீக்கர்ல போய் அடிச்சா ஹால்ல இருக்கறவங்க காதைப் பொத்திக்குவாங்க, அதனால ஃபேடரை இறக்கி வச்சுட்டு டெஸ்ட் பண்ணுங்க.

ஸ்ப்ளிட்டர் வேண்டாம் தம்பி. பூட்டை உடைக்கற வேலைக்கு சட்டச் சிக்கல் ஒரு பக்கம், நிகழ்ச்சி நடுவுல அது ஒரு தடவை ஹேண்ட்ஷேக் (அந்தச் சாவி கேக்கற பேச்சு) விட்டாலும் திரை கறுப்பாயிடும், அந்த அஞ்சு செகண்ட் எவ்வளவு நீளம்னு மேடைக்கு பின்னாடி நின்னவங்களுக்குத்தான் தெரியும். அதோட உங்க டிஸ்க்ல பூட்டே இல்லையே, எதுக்கு?

மஞ்சள் கேபிளும் இப்ப அவ்வளவு உதவாது. 2013 முடிஞ்சதுக்கப்புறம் தயாரான ப்ளேயர்ல ப்ளூ-ரே டிஸ்க்கோட படம் அனலாக்ல வராது. டிவிடி வரும்னு வச்சுக்கிட்டாலும், என்டிஎஸ்சி டிஸ்க்கை பால்னு செட் பண்ணி ஓட்டினா சில ப்ளேயர் பால் 60ன்னு ஒரு கலப்பை வெளிய விடும், கலர் மட்டும் பால், வேகம் 60தான். பழைய டிவி அதைக் காட்டும், மிக்சருக்கு அது மீனும் இல்ல கோழியும் இல்ல.

சிங்க்பல்ஸ்:

அந்த என்டிஎஸ்சி டிஸ்க்குக்கு ரெண்டே வழி. ஃப்ரேம் ரேட்டையும் மாத்தற ஸ்கேலர் ஒண்ணு நடுவுல, இல்லன்னா ஃபைலா மாத்திக்கறது. லைவ்ல 59.94லேர்ந்து 50க்கு வரணும்னா செகண்டுக்கு பத்து ஃப்ரேம் கிட்ட தூக்கி எறியணும், ஆள் நிக்கற ஷாட்ல தெரியாது, கேமரா மெதுவா பக்கவாட்டுல நகர்ற ஷாட்ல தவ்வித் தவ்வி போகும், கண்ணை உறுத்தும். முன்கூட்டியே கம்ப்யூட்டர்ல ரெண்டர் பண்ணா நேரம் எடுத்து ஒழுங்கா செய்யும்.

நான் உங்க இடத்துல இருந்தா ரெண்டு டிஸ்க்கையும் ஃபைலாக்கிடுவேன். டிஸ்க்ல வீடியோ_டிஎஸ் ஃபோல்டர்ல விஓபி ஃபைல்களா இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு ஜிபி தாண்டாம துண்டு துண்டா, வரிசையா சேத்து எடுங்க. டீஇன்டர்லேஸ் (ஃபீல்டை முழு ஃப்ரேமா மாத்தறது) பண்ணும்போது 25ஆ இறக்காம 50ஆ எடுங்க, டான்ஸ் மாதிரி வேகமான அசைவுக்கு அது ரொம்ப முக்கியம். 4:3ஆ 16:9ஆன்னு பாத்துக்கங்க, ரெண்டும் ஒரே 720 பிக்சல்தான், எந்த விகிதம்னு சொல்ற ஃப்ளாக் தப்பினா முகமெல்லாம் இழுத்து விட்ட மாதிரி ஆயிடும். லேப்டாப் இன்புட்தான் ஏற்கனவே தொல்லை இல்லாம வருதே, அதுலயே ஓட்டுங்க. ப்ளேயரை பேக்கப்பா நாலாவது இன்புட்ல உங்க பால் டிஸ்க்கைப் போட்டு பாஸ் பண்ணி (நிறுத்தி) வச்சுக்கங்க.

மேடைக்கேபிள்:

பிசிஎம் மாத்தினதும் மீட்டர் எழும்பிடுச்சு. ரெண்டு டிஸ்க்கையும் 1080பி 50 ஃபைலா எடுத்துட்டேன், அந்த என்டிஎஸ்சி க்ளிப்ல கேமரா நகர்ற இடத்தை பெரிய மானிட்டர்ல நாலு தடவை ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. முகமும் சரியான அளவுல இருக்கு, அந்த ஃப்ளாக்ல முதல் தடவை தப்பு பண்ணிட்டு திரும்ப ரெண்டர் பண்ணேன். நாளைக்கு ஹால்ல ப்ரொஜெக்டரோட ஒரு ஒத்திகை இருக்கு, அங்க ஏதாவது கோளாறு வந்தா இங்கயே எழுதறேன்.