பெர்கா பத்தூம் திருவிழா: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கிறிஸ்தவப் பண்டிகை வாரத்தில் ஸ்பெயினின் காத்தலோனியா பகுதியில் உள்ள பெர்கா ஊரில் நடக்கும் பத்தூம் திருவிழாவுக்குப் போவதாக இருக்கிறோம். நான், மனைவி, ஏழு வயது மகள். 2005இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற விழா.

எனக்குப் பெரிய ஆசை, 'பிளென்ஸ்' ஆட்டத்தைப் பார்ப்பதுதான். வியாழன், ஞாயிறு இரவுகளில் சான் பெரே சதுக்கத்தின் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். பச்சைச் செடிகொடிகளை உடம்பில் சுற்றிய பிசாசு வேடக்காரர்கள், கொம்பிலும் வாலிலும் வெடி கொளுத்திக்கொண்டு கூட்டத்துக்கு நடுவிலேயே குதிப்பார்கள். நெருப்புப் பொறி நம் தலையிலும் விழும்! அதனால் பழைய பருத்திச் சட்டை, தொப்பி, கழுத்துக்குத் துணி என்று தயாராகிவிட்டோம். நைலான் கூடவே கூடாதாம்.

என் கவலை மகளைப் பற்றித்தான். வெள்ளிக்கிழமை குழந்தைகளுக்கென்றே தனிப் பத்தூம் உண்டு. அவளுக்கு அது போதுமா? இரவு ஆட்டத்தைச் சதுக்கத்துக்குள் போகாமல் ஓரமாக நின்று பார்க்க இடம் கிடைக்குமா? அப்புறம், நள்ளிரவு தாண்டினால் பார்சிலோனா திரும்புவது எப்படி, பெர்காவிலேயே அறை எடுப்பதா? எத்தனை மாதம் முன்பே பதிய வேண்டும்? மனைவி இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை, கொஞ்சம் பார்த்துப் பதில் போடுங்கள்.