ஆயா வீட்டுப் பரண்ல டிவி கேம்

குழு: தோட்டப்பாளையம் குடும்பம்
சனிக்கிழமை

[காலை 9:41] நான்: (படம்) போகிக்குப் பரண் ஒழிச்சுக்கினு இருக்கேன். பித்தளை அண்டாவுக்குப் பின்னாடி இது கிடந்துச்சு. பழைய சாமான் கடைக்குப் போட்டுடட்டா?

[9:42] பெங்களூர் சித்தப்பா: ஏய் ஏய் ஏய்

[9:42] பெங்களூர் சித்தப்பா: தொடாத

[9:42] பெங்களூர் சித்தப்பா: அது என் டிவி கேம்

[9:45] வாலாஜா பெரியப்பா: உன்னுதுன்னு எவன் சொன்னான். நான் பத்தாவது பாஸ் பண்ணதுக்கு நைனா வாங்கித் தந்தது.

[9:45] பெங்களூர் சித்தப்பா: வாங்கித் தந்தது உனக்கு. உடைச்சதுன்னு அடி வாங்கினது நானு.

[9:46] வாலாஜா பெரியப்பா: உடைச்சவன்தானே வாங்கணும்.

[9:48] அம்மா: காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டாங்க ரெண்டு பேரும். பாப்பா, மூக்குல துணி கட்டிக்கினு ஏறு. தூசு.

[9:53] நான்: (படம்) டப்பாக்குள்ள வாரண்டி கார்டு கூட இருக்கு. கடை சீல்ல "வ.ஆ.அம்பேத்கர் மாவட்டம்"னு போட்டிருக்கு. அப்படின்னா?

[9:55] வாலாஜா பெரியப்பா: வேலூர் மாவட்டம்னு பேர் மாறுறதுக்கு முன்னாடி அதான் பேரு. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். உனக்கு எங்க தெரியும், நீ பொறக்கவே இல்ல.

[9:58] பெங்களூர் சித்தப்பா: பாப்பா ஒரே ஒரு தடவை டிவில மாட்டிப் பாரேன்

[10:04] நான்: அடாப்டர் காணோம் சித்தப்பா. வைஃபை பாக்ஸோட அடாப்டர் இதுல கரெக்டா உக்காருது. சுவிட்ச் போடட்டா?

[10:04] காட்பாடி மாமா: போடாத

[10:04] காட்பாடி மாமா: போடாத போடாத

[10:05] காட்பாடி மாமாவிடமிருந்து தவறிய அழைப்பு

[10:06] நான்: போடல மாமா. கையில எடுத்துட்டேன்.

[10:11] காட்பாடி மாமா: பின்னு உக்காந்தா போதுமா பாப்பா? வைஃபை அடாப்டர் 12 வோல்ட்டு, நடு முள்ளு பிளஸ். இந்த மாதிரி செட்டுங்க ஃபேமிகாம்னு ஜப்பான் டிவி கேம் ஒண்ண பார்த்து அடிச்ச காப்பி, பெரும்பாலும் 9 வோல்ட்டு, நடு முள்ளு மைனஸ். மாத்திக் குடுத்தா உள்ள இருக்கிற ரெகுலேட்டரோ கெபாசிட்டரோ சூடாகி வாசனை வரும். அப்புறம் நீ சொன்ன மாதிரி பழைய சாமான் கடைதான். செட்டு அடியில ஒரு வட்டம், நடுவுல ஒரு புள்ளி, ரெண்டு பக்கமும் கூட்டல் கழித்தல் குறி வெச்ச படம் இருக்கும். அத போட்டோ எடுத்து அனுப்பு.

[10:15] நான்: (படம்)

[10:17] காட்பாடி மாமா: நடுவு மைனஸ். சொன்னேன்ல. ஒரிஜினல் அடாப்டர் செங்கல் மாதிரி கனமா இருக்கும், கருப்பு. தேடு.

[10:40] நான்: கிடைச்சுது!! ஆயாவோட கொலு பொம்மை மூட்டைக்குள்ள. அப்பா மீட்டர்ல வெச்சுப் பார்த்தேன். 9ன்னு போட்டிருக்கு, ஆனா 13.4 காட்டுது மாமா. போச்சா?

[10:43] காட்பாடி மாமா: போகல. டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் லோடு இல்லாதப்ப ஏத்திதான் காட்டும். செட்டு மாட்டினா இறங்கி வரும். உள்ள ரெகுலேட்டர் அத 5 வோல்ட்டா வெட்டிக்கும். மீட்டர்ல மைனஸ் குறி வந்துச்சா? சிவப்பு ஒயர நடுவுல வெச்சியா?

[10:44] நான்: ஆமா, நடுவுல சிவப்பு. மைனஸ் 13.4.

[10:44] காட்பாடி மாமா: அப்ப மாட்டு.

[10:52] நான்: லைட் எரியுது. ஆனா டிவில ஒண்ணும் வரல. நீலக் கலர்ல "சிக்னல் இல்லை".

[10:54] காட்பாடி மாமா: எந்த ஒயரு?

[10:55] நான்: ஆன்டெனா ஒயரு.

[10:58] காட்பாடி மாமா: அது வேணாம், அதுக்கு சேனல் தேடியே பொங்கல் வந்துடும். பக்கத்துல மஞ்சள் ஓட்டை ஒண்ணு இருக்கும் பாரு. செட்டாப் பாக்ஸ்ல இருக்கிற மஞ்சள் ஒயர புடுங்கி அதுல குத்து. முதல்ல செட்டாப் பாக்ஸ்லயே அந்த ஒயரு கலர்ல படம் காட்டுதான்னு பார்த்துக்கோ. ஒயரு நல்லது, டிவி நல்லதுன்னு தெரிஞ்ச பிறகுதான் செட்டு மேல பழி போடணும். நான் கடை வெச்சிருந்தப்ப பாதி பேர் தூக்கிக்கினு வந்தது ஒயரு கோளாறு. செட்டுல ஒண்ணும் இருக்காது.

[11:10] நான்: செட்டாப் பாக்ஸ் கலர்ல வருது. இப்ப கேமுக்கு மாட்டிட்டேன். (வீடியோ)

[11:11] பெங்களூர் சித்தப்பா: பாட்டு வருது!!!! 😭

[11:12] சத்துவாச்சாரி அத்தை: இன்னா இது, படம் பூரா சில்லு சில்லா இருக்கு. கண்ணாடி உடைஞ்ச மாதிரி.

[11:13] பெங்களூர் சித்தப்பா: கேசட்ட எடுத்து ஊதி மாட்டு. நல்லா ஃபூன்னு.

[11:13] காட்பாடி மாமா: ஊதாத

[11:18] காட்பாடி மாமா: இந்த ஊதுற பழக்கம் எவன் ஆரம்பிச்சான்னு தெரியல, ஊரே ஊதிச்சு. வாயில இருந்து போறது காத்து மட்டும் இல்ல, எச்சி ஈரமும்தான். அந்த ஈரம் பின்னுல பச்சையா களிம்பு ஏத்தும். ஊதினா நல்லாச்சுன்னு தோணுறது, கேசட்ட எடுத்துத் திரும்பச் சொருகுறப்ப பின்னு உரசிப் பிடிச்சுக்குது, அவ்ளோதான்.

சத்தம் ஒழுங்கா வருதுன்னா பாதி நிம்மதி. புரோகிராம் ஓடிக்கினுதான் கீது. இந்த கேசட்ல 60 பின்னு, பக்கத்துக்கு 30. புரோகிராம் ஒரு சிப்பு, படம் இன்னொரு சிப்பு, ரெண்டுக்கும் பின்னு வேற வேற. படத்தோட பின்னுல அழுக்கு ஏறினா ஆட்டம் ஓடும், மூஞ்சி மட்டும் சிதறும். தொடைச்சும் போகலன்னாதான் உள்ள மெமரி ஐசிய சந்தேகப்படணும்.

[11:20] வாலாஜா பெரியப்பா: மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சா பளபளன்னு வரும் மாப்ள.

[11:21] காட்பாடி மாமா: வேணாம் மச்சான். எண்ணெய்ப் பிசுக்கு நிக்கும்.

[11:22] வாலாஜா பெரியப்பா: உப்புத்தாள்?

[11:22] காட்பாடி மாமா: மச்சான் நீங்க கொஞ்ச நேரம் டீ சாப்பிடுங்க

[11:25] காட்பாடி மாமா: பாப்பா, ஐசோப்ரோபைல் ஆல்கஹால். மெடிக்கல்ல இல்லன்னா பஜார்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கேளு. பழைய வெள்ளை பனியன் துணிய நனைச்சு, பின்னு நீளவாக்குல இழு. துணியில கருப்பு வராத வரைக்கும். சானிடைசர் ஜெல் போட்டுடாத.

[மதியம் 1:30] அம்மா: சாப்பாடு ஆறுது. முள்ளு கத்திரிக்காய் குழம்பு. பாப்பா பனியனும் கையுமா தரையில உக்காந்துக்கினு கீறா.

[2:15] நான்: (படம்) பனியன பாருங்க மாமா. கரி மாதிரி.

[2:16] நான்: (வீடியோ) படம் நேராயிடுச்சு!!! ஆனா கருப்பு வெள்ளை.

[2:17] பெங்களூர் சித்தப்பா: இதேதான். அன்னைக்கும் இதேதான் ஆச்சு. ஒரு நாள் ஸ்கூல்ல இருந்து வந்து போட்டா கருப்பு வெள்ளை. நான் தான் ஒயர இஸ்து கெடுத்தேன்னு நைனா பெல்ட்ட எடுத்தாரு. அப்புறம் ஒரு மெக்கானிக்கு ஐசி போச்சு, மாத்த முடியாதுன்னுட்டான்.

[2:20] காட்பாடி மாமா: ஐசி போயிருந்தா இந்தப் படமே வராது. சின்ன மச்சான், ஒரு விஷயம் நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. வாங்கின புதுசுல கலர் இருந்துச்சா?

[2:21] பெங்களூர் சித்தப்பா: இருந்துச்சு. ரெண்டு மாசம் கலர்லதான் ஆடினோம். வானம் நீலமா இருக்கும்.

[2:26] காட்பாடி மாமா: நல்லது. ஏன் கேட்டேன்னா, வெளிநாட்டுல இருந்து வந்த செட்டு சிலது என்டிஎஸ்சி (NTSC)ன்னு ஒரு கலர் முறை. நம்ம ஊர் பழைய டிவி பால் (PAL)னு வேற முறை. அது ரெண்டும் சேராம கருப்பு வெள்ளை வரும், அது கோளாறே இல்ல, பொருத்தம் இல்லாத கல்யாணம். இது அப்படி இல்ல. நல்லா இருந்து கெட்டது. பாப்பா, அடாப்டர புடுங்கிட்டு அடியில ஸ்க்ரூ கழட்டு. போர்டுல வெள்ளி டப்பா மாதிரி ஒண்ணு நிக்கும், மேல நம்பர் அடிச்சிருக்கும். படிச்சுச் சொல்லு.

[2:44] நான்: 26.601 அப்புறம் அழிஞ்சிருக்கு.

[2:46] காட்பாடி மாமா: 26.601712 மெகாஹெர்ட்ஸ். பால் கிரிஸ்டல், செட்டுக்கே தாளம் போடுறது அதான். 21.477ன்னு இருந்தா என்டிஎஸ்சி. இப்ப அத ஆறால வகு, செட்டும் உள்ள அப்படித்தான் வகுக்குது.

[2:47] நான்: 4.4336

[2:52] காட்பாடி மாமா: அதான் பால் டிவியோட கலர் சிக்னல், 4.43. கிரிஸ்டல் கொஞ்சம் நகர்ந்தா இதுவும் நகரும். ரொம்ப விலகினா டிவி "இதுல கலர் இல்ல"ன்னு கதவ மூடிடும். ஆட்டம், பாட்டு, படம் எதுலயும் வித்தியாசம் தெரியாது. கலர் மட்டும் போகும். கிரிஸ்டல் பக்கத்த கிட்ட போய் ஒரு போட்டோ.

[2:55] நான்: (படம்)

[2:59] காட்பாடி மாமா: (படம்) சிவப்பு அம்பு போட்டிருக்கேன் பாரு. மிளகு சைஸ்ல ஒண்ணு, தலையில ஸ்க்ரூ மாதிரி கோடு. அதுக்குப் பேரு டிரிம்மர். கிரிஸ்டல முடி அளவு நகர்த்துறது அதான். அது தானா இவ்ளோ விலகாதே… யாரோ திருப்பியிருக்காங்க.

[3:01] வாலாஜா பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[3:01] பெங்களூர் சித்தப்பா: இன்னா டெலீட்டு?

[3:03] வாலாஜா பெரியப்பா: ஒண்ணுமில்ல. கை பட்டுடுச்சு.

[3:03] பெங்களூர் சித்தப்பா: அண்ணா

[3:08] வாலாஜா பெரியப்பா: அது ஸ்க்ரூ தானே மாப்ள?

[3:08] காட்பாடி மாமா: எது மச்சான்?

[3:12] வாலாஜா பெரியப்பா: அந்த அம்பு போட்டது. அன்னைக்கு உள்ள எப்படி இருக்குன்னு பார்க்கலாம்னு தொறந்தேன். எல்லா ஸ்க்ரூவும் டைட்டா இருந்துச்சு, அது ஒண்ணு மட்டும் லூசா இருந்துச்சு. டைட் பண்ணேன். எவ்ளோ திருப்பினாலும் டைட்டே ஆகல. சுத்திக்கினே இருந்துச்சு.

[3:13] காட்பாடி மாமா: ஆகாது மச்சான். அது சுத்துறதுக்குன்னே செஞ்சது. 😂😂

[3:13] சத்துவாச்சாரி அத்தை: அய்யய்யோ

[3:14] பெங்களூர் சித்தப்பா: முப்பது வருஷம்

[3:14] பெங்களூர் சித்தப்பா: முப்பது வருஷமா என்ன சொல்லிக்கினு இருந்தீங்க எல்லாரும்

[3:14] பெங்களூர் சித்தப்பா: என் கல்யாண மேடையில கூட சொன்னீங்க "டிவி கேம உடைச்சவன்"னு

[3:16] அப்பா: 👍

[3:16] பெங்களூர் சித்தப்பா: இதுக்கு எதுக்கு தம்ஸ் அப் நடு அண்ணா

[3:20] காட்பாடி மாமா: பஞ்சாயத்து அப்புறம். பாப்பா, பழைய டூத் பிரஷ் காம்ப சிமெண்டுத் தரையில தேய்ச்சு முனைய ஸ்க்ரூ டிரைவர் மாதிரி தட்டையாக்கு. இரும்பு டிரைவர் வேணாம். இரும்பு கிட்ட போனாலே அளவு மாறும், கைய எடுத்ததும் கலர் ஓடிப்போகும். இப்ப நிக்கிற இடத்த பேனாவால குறிச்சுக்கோ. கேம் ஓடட்டும், கடுகளவு திருப்பு, ரெண்டு எண்ணு, டிவியப் பாரு. 9 வோல்ட்டுதான், ஷாக் அடிக்காது.

[3:24] சத்துவாச்சாரி அத்தை: காட்பாடி அண்ணா, இந்த நேரத்துலயே கேட்டுடுறேன். (படம்) சின்னவனோட பிரிக் கேம், கையில வெச்சு கட்டம் அடுக்குறது. நடுவுல ரெண்டு வரிசை கட்டம் தெரியவே மாட்டேங்குது. கண்ணாடி போச்சா?

[3:31] காட்பாடி மாமா: கண்ணாடியா இருக்காதும்மா. கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவுல ரப்பர் பட்டை ஒண்ணு இருக்கும், கரியும் ரப்பரும் மாத்தி மாத்தி அடுக்கினது. அதுக்கு சோல்டரிங் கிடையாது, அழுத்தம்தான் இணைப்பு. கீழ விழுந்தா நகரும், தூசு போனா வரிசை காணாமப் போகும். ரப்பரையும் கண்ணாடி ஓரத்தையும் அதே ஆல்கஹால்ல லேசா தொடச்சு, நேரா வெச்சு, ஸ்க்ரூவ எதிர் எதிர் மூலையா சமமா முடுக்கு. ரப்பருக்கு பதிலா ஒட்டின பட்டை ஒயரா இருந்தா எதுவும் செய்யாம என்கிட்ட குடுத்தனுப்பு.

[3:33] பெங்களூர் சித்தப்பா: மச்சான் என்கிட்டயும் கையில வெச்சு ஆடுற பழைய கேம் பாய் ஒண்ணு இருக்கு, 1989 மாடல். அதுல செங்குத்தா நாலு கோட்டுல படமே வரல. கீழ இருக்கிற பட்டைய சோல்டரிங் அயர்ன்ல சூடு காட்டினா வரும்னு வீடியோல பார்த்தேன்.

[3:35] காட்பாடி மாமா: வரும், அந்த மாடலுக்கு அதான் வைத்தியம். ஆனா சூடு கூடினா இன்னும் நாலு கோடு சேர்ந்து போகும். பொங்கலுக்கு எடுத்துக்கினு வாங்க, உக்காந்து பார்ப்போம். வீட்டுல இஸ்திரிப் பொட்டிய வெச்சிடாதீங்க.

[3:36] பெங்களூர் சித்தப்பா: நான் என்ன பெரிய அண்ணனா

[4:02] நான்: மாமா பச்சையா ஒரு தடவ மின்னிச்சு, போயிடுச்சு

[4:03] காட்பாடி மாமா: தாண்டிட்ட. பின்னாடி வா. கடுகளவு.

[4:09] நான்: (வீடியோ)

[4:09] பெங்களூர் சித்தப்பா: நீலம்

[4:09] பெங்களூர் சித்தப்பா: வானம் நீலம்

[4:15] சத்துவாச்சாரி அத்தை: எனக்கே அழுகை வருது. சின்ன அண்ணா பாவம்.

[4:40] நான்: மாமா துப்பாக்கியும் இருக்கு. வாத்து சுடுறது. ஆனா எவ்ளோ சுட்டாலும் ஒரு வாத்து விழல. இதுவும் பின்னா?

[4:46] காட்பாடி மாமா: அதுல கோளாறு இல்ல பாப்பா. விசைய அழுத்தினதும் ஒரு நொடிக்கும் குறைவா திரை இருட்டாகி, வாத்து இருக்கிற இடத்துல மட்டும் வெள்ளை விழும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தத் தேடும். பழைய டப்பா டிவி அத உடனே காட்டும். எல்இடி டிவி படத்த வாங்கி யோசிச்சு தாமதமா காட்டுது, அதுக்குள்ள துப்பாக்கி தப்புன்னு சொல்லிடுது. டப்பா டிவி எவனாச்சும் வெச்சிருந்தா சொல்லுங்க. பின்மூடிய மட்டும் யாரும் தொறக்காதீங்க, அது 9 வோல்ட்டு இல்ல.

[6:20] நான்: ஆயா கிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். அவங்க பேசணுமாம். (குரல் செய்தி 0:38)

[6:24] அம்மா: யாருக்கும் சரியா கேக்கல. இன்னா சொன்னாங்க?

[6:27] நான்: "பெரியவன் போகிக்கு வர்றப்ப ஆற்காட்டுல எறங்கி மக்கன் பேடா ஒரு கிலோ வாங்கிக்கினு வரணும், சின்னவன் கையில குடுக்கணும். நானும் அன்னைக்கு அவன அடிக்காதீங்கன்னு சொல்லல"ன்னு சொன்னாங்க. அப்புறம் ஏழு மணிக்கு சீரியல், ஒயர மாத்திக் குடுன்னாங்க.

[6:29] வாலாஜா பெரியப்பா: ரெண்டு கிலோவாவே வாங்கிக்கினு வர்றேன்.

[6:30] பெங்களூர் சித்தப்பா: எனக்கு சுகர்

[6:30] பெங்களூர் சித்தப்பா: பரவால்ல வாங்கிக்கினு வா

[6:34] காட்பாடி மாமா: பாப்பா, மூடி போடுறதுக்கு முன்னாடி அந்த டிரிம்மர் ஓரத்துல ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வெச்சு அசையாம ஒட்டிடு. பெரிய மச்சான் போகிக்கு வர்றாரு.