யாட் சார்ட்டர் (சொகுசுப் படகு வாடகை): ஒத்துக்கிட்ட ரேட் ஒண்ணு, கட்டின காசு ஒண்ணு, உங்க கதையும் சொல்லுங்க

நங்கூரம்07
ஏபிஏன்னா டீசல், சாப்பாடு மாதிரி செலவுக்கு வாடகைக்கு மேல முன்கூட்டியே கட்டற பணம், அது இங்க எல்லாருக்கும் தெரியும், அதனால நேரா வர்றேன். கிரீஸ்ல ஒரு வாரம், மோட்டார் யாட், பத்து பேரு. வாடகை கட்டியாச்சு, அது மேல 30% ஏபிஏவும் ஒரு மாசம் முன்னாடியே அனுப்பியாச்சு. நாலாம் நாள் காலைல கேப்டன் ஒரு ஃபோல்டரோட வந்து பக்கத்துல உக்காந்து, "சார், முக்கால்வாசி தீந்துபோச்சு, இன்னும் கொஞ்சம் போடணும்"ங்கறாரு. தொறந்து பாத்தா பாதிக்கு மேல டீசல்தான். முந்தின நாள் என் மச்சான் "இருட்டறதுக்குள்ள அடுத்த தீவுக்குப் போயிடலாம், வேகமா விடச் சொல்லுங்க"ன்னான், நானும் கெத்தா தலையாட்டிட்டேன். "வேகமாவா சார்?"னு கேப்டன் ரெண்டு தடவை கேட்டாரு. நான் அதை மரியாதைன்னு நெனச்சுட்டேன்.

தென்றல்காத்து
அண்ணே, தப்பு கேப்டன் மேலதான். மணிக்கு எவ்வளவு லிட்டர் குடிக்கும்னு வாய் தொறந்து சொல்லணும்ல? தண்ணிய தள்ளிட்டுப் போற மாதிரி அடிப்பாகம் இருக்கற படகுல வேகத்தை ரெண்டு மடங்காக்கினா இன்ஜினுக்கு ஏறக்குறைய எட்டு மடங்கு பவர் வேணும், அப்ப அதே தூரத்துக்கு டீசல் நாலு மடங்கு. எங்களுக்கு வேற மாதிரி. ரெண்டு நாள் ஒரே இடத்துல நங்கூரம் போட்டுக் கெடந்தோம், அடடா மிச்சம்னு சந்தோஷமா இருந்தா அப்பவும் டீசல் கணக்கு ஏறிட்டே இருக்கு. ராத்திரி டெக்ல படுத்திருக்கறப்ப கீழேந்து ஒரு ர்ர்ர்னு சத்தம். ஏசிக்கு ஓடற ஜெனரேட்டர்! யாரும் இல்லாத ரூம்லயும் ஏசி ஓடுது.

பாய்மரப்பைத்தியம்
ஆள் வச்சு ஓட்டறவங்க கதை இருக்கட்டும். நான் பேர்போட், அதாவது ஆள் இல்லாம வெறும் படகு மட்டும், நானே ஓட்டினேன். திருப்பிக் கொடுக்கற அன்னிக்கு டைவர் கீழ போய்ட்டு வந்து படகுக்கு அடியில நீட்டிட்டிருக்கற கீல்ல கீறல்னு சொல்லிட்டாரு, டெபாசிட்ல கை வச்சுட்டாங்க. அவரே எடுத்த வீடியோவைக் காட்டினாரு, பாக்கறேன், அந்தக் கீறல்ல பச்சையா பாசி படிஞ்சிருக்கு! ஒரு வாரத்துல அவ்வளவு பாசியா? படகை எடுத்துக்கறப்ப மேல இருக்கறதை மட்டும்தான் ஃபோட்டோ எடுத்து வச்சிருந்தேன், அதனால வாயைத் தொறக்க முடியல. இன்னும் அந்தப் பச்சை கண்ணுலயே நிக்குது.

கரையோரம்
நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்கப்பா. கடைசி நாள் டிப்ஸ் கவர் கொடுத்தேன், படகுல உபசரிப்பைப் பாத்துக்கற சீஃப் ஸ்டூவர்டஸ் அதை ஒரு செகண்ட் கையில வச்சு எடை பாத்த மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான் என் கதை. ஆனா எல்லாரும் ஒண்ணை விட்டுடறீங்க, ரேட் பாக்கறதுக்கு முன்னாடி அது 'ப்ளஸ் எக்ஸ்பென்சஸா' இல்ல 'ஆல் இன்க்ளூசிவா'ன்னு கேக்கணும். மெடிட்டரேனியன்ல பெரிய மோட்டார் யாட்னா பெரும்பாலும் முதல் வகை, சாப்பாடு, டீசல், மரினால படகு நிறுத்தற வாடகை எல்லாம் ஏபிஏலதான் போகும், மிச்சம் இருந்தா திரும்பி வரும். கரீபியன்ல ஆளோட வர்ற கேடமரான் (ரெட்டை அடிப்பாகப் படகு) நெறைய ரெண்டாவது வகை, சின்னத் தொகையா தெரியாது, ஆனா கணக்கு அங்கேயே முடிஞ்சுடும். வாட் வரி தனி, எந்த நாட்டுல ஏறறீங்களோ அதைப் பொறுத்து, குரோவேஷியால படகுலேயே தங்கற சார்ட்டருக்கு 13%. படகு வேற துறைமுகத்துலேந்து வரணும்னா டெலிவரி ஃபீ தனியா கேப்பாங்க. டிப்ஸ் மெடிட்டரேனியன்ல 5லேந்து 15%, கரீபியன்ல 15லேந்து 20, அதுவும் வாடகை மேல, ஏபிஏ மேல இல்ல. ஜூலை ஆகஸ்ட், கிறிஸ்மஸ் வாரம், மொனாக்கோ கார் ரேஸ் நேரம் இதெல்லாம் வேற ரேட். அப்புறம் 12 பேருக்கு மேல கூட்டிட்டுப் போகணும்னா பயணிகள் கப்பல் விதி வந்துடும், அந்த மாதிரி படகு கெடைக்கறதே கஷ்டம், பதிமூணாவது ஆளா மாமாவைக் கூட்டிட்டு வந்து நிக்காதீங்க.

தென்றல்காத்து
கரையோரம், யாரு கேட்டா இவ்வளவும்? டிப்ஸ் கட்டாயம் கெடையாது, சந்தோஷமா இருந்தா கொடுக்கறது, அதைப் போய் விலைக்குள்ள சேக்கறீங்க.

கரையோரம்
கட்டாயம் இல்லதான். கொடுக்காம எறங்கிப் பாருங்க, ஏழு பேரு வரிசையா நின்னு சிரிச்சிட்டு இருப்பாங்க.

நங்கூரம்07
தென்றல், கேப்டன் மேல தப்பு சொல்ல மனசு வரல. கணக்கு சுத்தமா இருந்துச்சு, ஐஸ் வாங்கின ரசீது வரைக்கும் ஒட்டி வச்சிருந்தாரு. டாப் அப் போட்டேன், கடைசில அதுலேயும் கொஞ்சம் திரும்பி வந்துச்சு. மச்சான்கிட்ட நான் அந்த ஃபோல்டரைக் காட்டவே இல்ல. அடுத்த வருஷமும் போலாமான்னு கேட்டுட்டு இருக்கான்.