மதியம் பன்னிரண்டு மணிக்கு மட்டும் அப்பா வேறு ஆளாகிவிடுகிறார்

தாமிரபரணிக்காரி:
அப்பாவுக்கு 68 வயது, அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் அவரைப் போல் சாந்தமான மனிதர் கிடையாது. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் போதும். அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போதே பெருங்காயம் தூக்கல் என்று சத்தம் போடுகிறார். சிலிண்டர் கொண்டுவரும் பையனிடம் சில்லறைக்காக மல்லுக்கு நிற்கிறார். சாப்பிட்டுக் கை கழுவியதும், "பாவம், அந்தப் பையன் வெயிலில் அலைகிறான்" என்கிறார்!

அது பிறவிக் குணம் என்கிறார் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பெல்லாம் கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடுவார், கத்த மாட்டார். சர்க்கரைக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்த பிறகுதான் இப்படி. பசிக்கிறதா என்று கேட்டால், "எனக்கென்ன பசி?" என்று அதற்கும் எரிந்து விழுகிறார். வெறும் பசி ஒருவரை இவ்வளவு மாற்றுமா?

முருங்கைமரம்:
மாற்றும். எங்கள் மாமனாருக்குப் பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் உப்பு மோர் கொடுத்துவிடுவோம். வீடு அமைதியாக இருக்கும்.

வார்டு அக்கா:
மோர் நல்லதுதான், ஆனால் இவருக்கு அது போதாது. சர்க்கரை நோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். நேற்று வரை தன்மையாகப் பேசியவர் திடீரென்று போர்வை அழுக்கு என்று சண்டை பிடித்தால், நாங்கள் பதில் பேசுவதற்கு முன் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்போம்.

என்ன மாத்திரை என்று அட்டையைப் பாருங்கள். கிளிமிபிரைடு போன்றவை சோறு வந்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை, கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும் என்ற பயம் மிகக் குறைவு. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதம் அதற்கே போகிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் இறங்கியதும் உடல் அட்ரினலினைக் கொட்டுகிறது. நாய் துரத்தும்போது சுரக்கும் அதே அட்ரினலின்தான். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, எரிச்சல் எல்லாம் சேர்ந்து வரும். அந்த நேரத்தில் எதிரே இருப்பது சாம்பார் என்றால் கோபம் சாம்பார் மேல். "எனக்கென்ன பசி" என்று அவர் சொல்வது வீம்பு அல்ல, உண்மையிலேயே அவருக்குத் தெரியாது.

கோபம் வரும் நேரத்திலேயே பரிசோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிறகு சாப்பாடு. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம். வியர்வையைக் கவனியுங்கள்.

பழைய பேப்பர்:
சர்க்கரை நோய் இல்லாதவர்களையும் பசி விடுவதில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944-45-இல் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். 24 வாரம் அரை வயிற்றுச் சாப்பாடு. சிடுசிடுத்தார்கள், ஒதுங்கிப் போனார்கள், தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். இவர்கள் யார் தெரியுமா? போரில் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மறுத்த சாதுக்கள்! ஒரு வேளை சாப்பாடு தள்ளிப்போவதும் அதுவும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன்.

தாமிரபரணிக்காரி:
இன்று பன்னிரண்டே காலுக்குப் பார்த்தோம். 62. இந்த மிஷின் சரியில்லை என்று அதனோடும் ஒரு சண்டை. முதுகில் பனியன் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வியர்வை. சர்க்கரைத் தண்ணீர் குடித்துக் கால் மணி நேரத்தில் 94. மாத்திரை கிளிமிபிரைடு, அட்டெனலாலும் உண்டு. டாக்டரிடம் வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்திருக்கிறது. சாப்பாட்டுக்கு முந்தைய சண்டைகளுக்கு மாத்திரை காரணம் என்றால், சாப்பிட்ட பிறகு போட்ட சண்டைகளுக்கு எது காரணம் என்று அம்மா கேட்கிறார்.

வார்டு அக்கா:
வியாழன் வரை காத்திருக்க வேண்டாம். இன்றே டாக்டருக்குப் போன் செய்து 62 என்று சொல்லுங்கள். மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்று அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். அதுவரை பதினோரு மணிக்குச் சுண்டலோ கொய்யாப்பழமோ கொடுங்கள், வேண்டாம் என்றாலும். அம்மாவின் கேள்விக்கு எங்கள் வார்டில் வைத்தியம் இல்லை.