கொழும்பு: போலீஸ் ஒரிஜினல் லைசென்ஸ் கேட்கிறது, நாளை கார் ஓட்டலாமா?

புதுக்குடித்தனம் (ஞாயிறு இரவு)
எல்லாருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. வெள்ளவத்தையில் வீடு, கோட்டையில் ஆபீஸ். கம்பெனி கார் கொடுத்திருக்கிறது. நேற்று காலி வீதியில், மஞ்சள் கடவையில் ஒரு பாட்டி கால் வைத்ததைக் கவனிக்காமல் போய்விட்டேன். போலீஸ் நிறுத்தினார். சென்னையில் எடுத்த இன்டர்நேஷனல் பெர்மிட்டைக் கொடுத்தேன். அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை ஒரிஜினல் லைசென்ஸோடு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டார். ஒரிஜினல் என்னிடம் இல்லை. நாளை காலை பையனைப் பள்ளியில் விட வேண்டும், அப்புறம் மேனேஜரை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வர வேண்டும். ஓட்டலாமா? தூக்கமே வரவில்லை.

கோட்டூர்புரத்தான்
தம்பி, இந்தியப் பெர்மிட் மட்டும் இங்கே போதாது என்று உங்கள் கம்பெனியில் யாரும் சொல்லவில்லையா? காலிமுகத்திடல் பக்கத்தில், சேர் மாக்கான் மாக்கார் மாவத்தையில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் இருக்கிறது. 1904-இல் தொடங்கியது. அங்கே ஒப்புதல் வாங்க வேண்டும். நான் வந்தது 2022 ஜூன், பெட்ரோல் தட்டுப்பாட்டு நேரம். பெட்ரோலுக்கு இரண்டு ராத்திரி காரிலேயே படுத்திருந்தேன். பக்கத்துக் காரர் தந்த பிஸ்கட்தான் சாப்பாடு. அப்புறம் கியூஆர் குறி வந்தது, வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து ஊற்றினார்கள். கையில் லைசென்ஸ் இருந்தது, வண்டியில் எண்ணெய் இல்லை. இப்போது வருகிறவர்களுக்கு எல்லாம் சுகம்தான்.

ராமகிருஷ்ணா வீதி அக்கா
பதற வேண்டாம் தம்பி. பொலிஸ் அனுமதிப்பத்திரத்தை எடுத்தால் ஒரு தண்டப் பத்திரம் எழுதித் தருவார்கள். 14 நாளுக்கு அதுவே தற்காலிக அனுமதிப்பத்திரம். தபால் கந்தோரில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டினால் திருப்பித் தருவார்கள். என்னுடைய மகனுக்கு மூன்று தரம் நடந்தது. தாராளமாக ஓட்டலாம்.

புதுக்குடித்தனம்
பத்திரம் எதுவும் தரவில்லை அக்கா. பெயரையும் போன் நம்பரையும் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மயிலை டு பம்பலப்பிட்டி
ஒரிஜினல் தொலைந்துவிட்டதா? கவலை வேண்டாம், நம் ஊர் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் தளத்தில் டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஊரில் அண்ணன் தம்பி இருந்தால் கூரியரில் அனுப்பச் சொல்லலாம்.

கோட்டூர்புரத்தான்
செவ்வாய்க்குள் கூரியரா! இந்த ஊரில் எதுதான் நேரத்துக்கு நடக்கிறது? வாடகைக்கு வீடு கேட்டால் ஒரு வருட முன்பணம். போலீஸ் நீட்டுகிற காகிதம் சிங்களத்தில். கையெழுத்துப் போட்ட பிறகுதான் எதற்குப் போட்டோம் என்று தெரிகிறது.

ராமகிருஷ்ணா வீதி அக்கா
தமிழும் ஆட்சிமொழி என்று 1987-இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று ஐயா. நீங்கள் 2022 முதல் காண்பதை நாங்கள் பிறந்த நாள் முதல் காண்கிறோம். வாடகையைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். டொலரில் சம்பளம் வாங்கும் ஆட்கள் கேட்ட விலையைக் கொடுத்துக் கொடுத்துத்தான் வெள்ளவத்தையில் எங்களுக்கே வீடு இல்லாமல் போனது.

மயிலை டு பம்பலப்பிட்டி
எனக்கு ரூபாயில்தான் சம்பளம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புதுக்கடைக் கிளாக்கர்
வாடகைச் சண்டையை வேறு இடத்தில் வையுங்கள். நான் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். வழக்கு நாளில் வந்து நிற்கும் ஆட்கள் பாதிப் பேர் முக்கியமானதைச் சொல்லாமல் மற்றதை எல்லாம் சொல்வார்கள். தம்பி, ஒரிஜினல் எங்கே? தொலைந்ததா, ஊரில் கிடக்கிறதா, யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா?

புதுக்குடித்தனம் (ஒரு மணி நேரம் கழித்து)
சொல்ல வெட்கமாக இருந்தது. பெர்மிட் எடுத்த அடுத்த மாதம் நண்பன் கல்யாணத்தில் இரண்டு பீர் குடித்துவிட்டு ஓட்டி மாட்டினேன். கோர்ட்டில் 10,000 கட்டினேன். லைசென்ஸ் ஆர்.டி.ஓ.விடம் இருக்கிறது, மூன்று மாத சஸ்பென்ஷன். இன்னும் ஐந்து வாரம் பாக்கி. அது இந்தியாவில்தானே, இங்கே கணக்கில்லை என்று நினைத்தேன். வீட்டிலும் ஆபீஸிலும் யாருக்கும் தெரியாது.

கோட்டூர்புரத்தான்
அட, இதற்கா இவ்வளவு? அங்கே நடந்தது இங்கே யாருக்குத் தெரியப்போகிறது? ஊரில் மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.

புதுக்கடைக் கிளாக்கர்
ஐயா, தயவுசெய்து. பொய் சொல்லப் போய்ச் சின்ன வழக்கு பெரிய வழக்கான கதைகள் என் அலுமாரி நிறைய இருக்கின்றன.

தம்பி, உங்கள் பெர்மிட் என்பது ஊர் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரி. தனியாக அதற்கு உயிர் கிடையாது. மூலம் முடங்கிக் கிடக்கும்போது அதைக் காட்டி ஓட்ட முடியாது. ஆட்டோமொபைல் அசோசியேஷனுக்குப் போனாலும் ஒப்புதல் எதன் மேல் தருவார்கள்? அக்கா சொன்ன 14 நாள் கணக்கும் உங்களுக்கு இல்லை, தண்டப் பத்திரமே தரவில்லையே. ஆகவே நாளை ஓட்டினால், செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டியதாக வழக்கு வரும். தண்டம் 25,000 ரூபாயில் தொடங்கும். அதைக்கூடக் கட்டிவிடலாம். யாரையாவது இடித்துவிட்டால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது சாரதி அனுமதிப்பத்திரம். கார் கம்பெனியின் பெயரில் இருக்கிறது, அவர்களையும் சேர்த்து இழுப்பீர்கள்.

மயிலை டு பம்பலப்பிட்டி
என் டூப்ளிகேட் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். மதுரையில் வக்கீலாக இருக்கும் என் அக்காவிடம் இப்போதுதான் கேட்டேன். தடை இருக்கும்போது ஓட்டினாலும் சரி, லைசென்ஸுக்கு விண்ணப்பித்தாலும் சரி, மோட்டார் வாகனச் சட்டம் 182-ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். 2019 திருத்தத்துக்கு முன்னால் அபராதம் வெறும் 500-ஆம். மேல்முறையீட்டுக்கு ஆணை கிடைத்த நாளிலிருந்து 30 நாள்தான், உங்களுக்கு அது தாண்டியிருக்கும். நீங்கள் இங்கே ஓட்டியதற்காக அங்கே 182 பாயாது, ஆனால் லீவில் ஊருக்குப் போகும்போது ஞாபகம் இருக்கட்டும்.

ராமகிருஷ்ணா வீதி அக்கா
அப்படியென்றால் நான் சொன்னதை விடுங்கள் தம்பி. குடி விஷயம் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன். இலங்கை அனுமதிப்பத்திரமே புதிதாக எடுத்தால் என்ன? வேரஹெரவில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில்தான் எல்லாம்.

புதுக்கடைக் கிளாக்கர்
எடுக்கலாம், ஆனால் மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பழகுனர் அனுமதி, ஓட்டிக் காட்டும் பரீட்சை என்று போகும். அதற்குள் ஐந்து வாரம் முடிந்துவிடும். தடை தீர்ந்ததும் ஊரிலிருந்து ஒரிஜினலை வாங்கி, அதன் பிறகு ஒப்புதலுக்குப் போவதுதான் சுருக்கு வழி.

நாளை காலை முதல் வேலையாக ஆபீஸில் சொல்லுங்கள். பொலிஸ் வாயிலாகக் கேட்பதைவிட உங்கள் வாயிலாகக் கேட்பது அவர்களுக்கும் நல்லது. செவ்வாய்க்கிழமை தனியாகப் போகாதீர்கள், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், முடிந்தால் சட்டத்தரணியையே. சஸ்பென்ஷன் ஆணையின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். கடவை விஷயத்துக்குத் தண்டம் வந்தால் கட்டிவிடுங்கள், அது தனிக் கணக்கு.

கோட்டூர்புரத்தான்
சரி, நான் சொன்னதை அழிக்க முடியுமா பார்க்கிறேன். ஏர்போர்ட்டுக்கு பிக்மீ டாக்ஸி ஆப்பில் கார் கூப்பிடுங்கள். அதிகாலை என்றால் முந்தின ராத்திரியே புக் பண்ணிவிடுங்கள்.

புதுக்குடித்தனம் (திங்கள் காலை)
மேனேஜருக்கு ராத்திரியே மெசேஜ் அனுப்பினேன். ‘சாவியை ஆபீஸில் கொடுத்துவிடு, நானே டாக்ஸியில் வந்துகொள்கிறேன்’ என்று மட்டும் பதில். கோபமா இல்லையா தெரியவில்லை. மனைவியிடமும் சொல்லிவிட்டேன், அங்கே கோபம் நன்றாகவே தெரிந்தது. பையனை ஆட்டோவில் விட்டாயிற்று. இனிமேல் கோட்டைக்கு 100-ஆம் நம்பர் பஸ்தானே? எங்கே ஏறுவது?

ராமகிருஷ்ணா வீதி அக்கா
சவோய் தியேட்டருக்குக் கிட்ட உள்ள ஹோல்ட்டில் நில்லுங்கள். சில்லறை வைத்திருங்கள், கொண்டக்டர் ஏசுவார்.